வீடு மாத்தப் போறீங்களா? பர்ஸையும் பாருங்க... பாட்டியையும் பாருங்க!

ஆடி போய் ஆவணி பிறந்தால் போதும், தெருவுக்குத் தெரு ஒரு ‘குட்டியானை’ வண்டி வந்து நிற்கும். உள்ளே பீரோ படுத்திருக்கும், கட்டில் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எல்லாவற்றுக்கும் மேலே துளசித்தொட்டி! மார்கழி முடிந்து தை பிறக்கும்போதும் இதே காட்சிதான். பிள்ளைகள் படிக்கிற வீடுகளில் மே மாதக் கடைசி.

வீடு மாற்றுவது என்று முடிவானதும் எல்லார் வீட்டிலும் ஒரு பேச்சு நடக்கும், கவனித்திருப்பீர்கள். “அட்வான்ஸ் வித்தியாசம் 9,000... லாரிக்கு ஒரு 9,000... 18,000-ல முடிஞ்சிடும். மீதியைச் சமாளிச்சுக்கலாம்” என்பார் வீட்டுக்காரர். அந்த ‘மீதி’தான் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும்!

அதில் பணமும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. கையில் பணம் தட்டுப்படும்போது நாம் முதலில் எதைக் குறைப்போம்? கூலியாளைக் குறைப்போம், “நாமளே தூக்கிடலாம்” என்போம். அடுத்து ஓட்டல் சாப்பாட்டைக் குறைப்போம். “வேலையெல்லாம் முடிச்சுட்டு ஒரேயடியா சாப்பிட்டுக்கலாம்” என்போம். இடுப்புப் பிடிப்பும், பாட்டிக்கு வருகிற மயக்கமும் பெரும்பாலும் இந்த இரண்டு சிக்கனத்தில் பிறந்தவைதான். அதனால் முதலில் பணத்தை ஒழுங்காகப் பார்த்துவிடலாம்.

18,000 எப்படி ஒரு லட்சம் ஆகிறது?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்கள் பழைய வாடகை 12,000. புது வாடகை 15,000. இரண்டு வீட்டிலும் மூன்று மாத அட்வான்ஸ். பழைய வீட்டில் உங்கள் பணம் 36,000 இருக்கிறது, புது வீட்டுக்கு 45,000 வேண்டும். வித்தியாசம் 9,000 தானே? காகிதத்தில் சரி. ஆனால் புது வீட்டுக்காரர் சாவி கொடுக்கும் முன்பே 45,000-ஐயும் கேட்பார். பழைய வீட்டுக்காரர் நீங்கள் காலி செய்த பிறகுதான் கொடுப்பார். அதிலும் ‘பெயின்ட் செலவு’ என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வது சென்னையில் வெகு சாதாரணம். ஆக, திரும்பி வரப்போவது 24,000, அதுவும் பிறகு!

முதல் மாத வாடகை 15,000. புரோக்கர் மூலம் வந்த வீடு என்றால் அவருக்கு ஒரு மாத வாடகை, இன்னொரு 15,000. பழைய வீட்டைக் காலி செய்ய ஒரு பத்து நாள் கூடுதலாக ஆகிவிட்டால் அந்த வாடகை 4,000. கூட்டிப் பாருங்கள், லாரி வாசலுக்கு வரும் முன்பே 79,000 ஆகிவிட்டது.

இனி சில்லறை. லாரியும் ஏற்றி இறக்கும் கூலியும் 9,000. ஃபேன், ட்யூப் லைட், கீசர் கழற்றி மாட்ட எலெக்ட்ரீஷியன், குழாய்க்குப் பிளம்பர், கட்டிலைப் பிரித்துப் பூட்ட ஒரு ஆசாரி. இவர்களுக்கு 3,500. ஏ.சி. இருந்தால் அதைக் கழற்றி மாட்ட 2,500. பால் காய்ச்சும் செலவும், மூன்று நாள் சாப்பாடும் 3,000. திரைச்சீலைக் கம்பி புது ஜன்னலுக்குப் பொருந்தாது. பல்பு, பூட்டு, துடைப்பம், கால்மிதி, பாத்ரூம் பக்கெட் என்று கடைக்கு நாலு நடை போவீர்கள். அதற்கு 4,000. மொத்தம் 22,000.

79,000-உம் 22,000-உம் சேர்ந்தால் 1,01,000. இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர், மாடிக்கு மாடி மாறும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் கூலி எகிறும். உங்கள் தொகையைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். எழுதும்போது இரண்டு பத்தியாக எழுதுங்கள்: ‘போனால் போனதுதான்’ என்று ஒரு பத்தி, ‘திரும்பி வரும்’ என்று ஒரு பத்தி. அட்வான்ஸ் இரண்டாவது பத்தி. அதற்காக நகையை வைத்தாலும் சரி, சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கினாலும் சரி, என்று மீட்பது என்ற தேதி உங்களுக்குத் தெரியும். புரோக்கர் பணத்துக்கும் லாரிக்கும் கடன் வாங்கினால் அது மாதச் சம்பளத்தில்தான் கழிய வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், பழைய அட்வான்ஸ் கைக்கு வந்ததும் புது சோபா வாங்கத் தோன்றும்!

சட்டம் ஒன்று இருப்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, மீதியைத் திருப்பித் தர வேண்டும். ‘தவிர’ என்ற அந்தச் சொல்லில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன், அட்வான்ஸ் எத்தனை மாதம், பெயின்ட் செலவு யாருடையது என்ற இரண்டு வரிகளையும் படித்துவிடுங்கள். சண்டைக்காக அல்ல, அந்தத் தொகை உங்கள் நோட்டில் எந்தப் பத்தியில் வரும் என்று தெரியத்தான்.

பழைய வீட்டைப் பூட்டும் முன் ஒவ்வொரு அறையையும் செல்போனில் ஒரு படம், மின்சார மீட்டரை ஒரு படம். புது வீட்டிலும் அதேபோல, சாமான் இறங்கும் முன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிற ஊர் இது. முன்னால் இருந்தவர் ஓட்டிய ஏ.சி.க்கு நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?

மாதாமாதம் கூடப்போகிற செலவையும் பாருங்கள். வாடகை 3,000 கூடியது தெரிகிறது. மெயின்டனன்ஸ் எவ்வளவு? ஸ்கூல் வேன் தூரம் கூடுகிறதா? அப்பாவுக்கு மாதாமாதம் டாக்டரிடம் போக இனி ஆட்டோ எடுக்க வேண்டுமா? அந்த ஆட்டோ காசைக் கணக்கில் எழுதாத குடும்பங்களில் என்ன நடக்கும் தெரியுமா? “இந்த மாசம் போகாட்டி என்ன, அதே மாத்திரையை வாங்கிக்கலாம்” என்று செக்-அப் தள்ளிப்போகும்.

மளிகைக்கு ஒரு மாத விரதம்

சிக்கனம் செய்ய நல்ல இடம் சமையலறைதான். வீடு மாறும் மாதத்தில் மளிகை லிஸ்ட்டைப் பாதியாக வெட்டுங்கள். டப்பாக்களில் அடியில் கிடக்கிற பயறு, ரவை, சேமியா, போன தீபாவளிக்கு வாங்கிய கடலை மாவு... எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுப் புறப்படுங்கள். (வண்டு வைத்ததைத் தீர்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்!) எண்ணெய் டின்னும் ஊறுகாய் ஜாடியும் லாரியில் போகிற சாமான் அல்ல. அவை எந்த மூட்டையின் மேல் கவிழும் என்று சொல்லவே முடியாது. கவிழ்ந்தால் பட்டுப்புடவை மேல்தான் கவிழும்.

கேஸ் சிலிண்டரை நேராக நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. வேறு ஊருக்குப் போகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்ஸியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்றல் சீட்டோடு போக வேண்டும். ஐந்து வருஷத்துக்கு மேலான ரப்பர் டியூப் என்றால், புது வீட்டில் அடுப்பு மூட்டும் முன் மாற்றிவிடுங்கள்.

பால் பொங்கிச்சு... பாட்டிக்கு என்ன ஆச்சு?

இப்போது உடம்புக்கு வருவோம். வீடு மாறும் நாளில் சர்க்கரை நோயாளிகளுக்கு வருகிற ஆபத்தை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

நல்ல நேரம் அதிகாலை என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருப்பார். நாலு மணிக்கே எழுந்து குளித்து எல்லோரும் புது வீட்டுக்குப் போயாகிவிட்டது. பாட்டி வழக்கம்போல ஏழு மணிக்குத் தன் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். பழைய வீட்டில் என்றால் அரை மணியில் இட்லி தட்டுக்கு வந்திருக்கும். இன்று? ஓட்டலுக்குப் போன பையன் வரவில்லை, லாரிக்காரர் வந்துவிட்டார், எல்லோரும் வாசலில். பாட்டி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறார். “எனக்கு ஒண்ணும் அவசரமில்லை, நீங்க வேலையைப் பாருங்க.” பத்தரை மணிக்கு உடம்பு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. “காலையிலேர்ந்து அலைச்சல், கொஞ்சம் படுக்கட்டும்” என்று பாயை விரித்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

அது அலைச்சல் அல்ல, ‘லோ சுகர்’. ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிட்டது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனால் இது வரும். சும்மா படுக்க வைத்தால் நினைவு தப்பி, வலிப்பு வரைக்கும் போகலாம்.

நினைவோடு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். குளுகோஸ் பவுடர் இருந்தால் அதுவும் சரி. 15 நிமிஷம் பொறுத்துக் குளுகோமீட்டரில் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடக் கொடுங்கள், இல்லையென்றால் மறுபடி இறங்கும். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிடுங்கள்.

இதை வராமல் தடுப்பது சுலபம். ஒரு வாரம் முன்பே டாக்டரிடம், “அன்னிக்குச் சாப்பாடு முன்னே பின்னே ஆகும், மாத்திரையை எப்படி எடுத்துக்கறது?” என்று கேட்டுவிடுங்கள். அன்று காலை சாப்பாடு கண்ணுக்கு எதிரே வந்த பிறகுதான் மாத்திரை, ஊசி எல்லாம். முதல் நாள் இரவே நாலு சப்பாத்தியோ, ஒரு பாக்கெட் ரொட்டியோ பாட்டியின் கைப்பையில் இருக்கட்டும். பெரியவரை அன்று ‘கவனித்துக்கொள்ள’ என்றே ஒருவரை நியமித்துவிடுவது நல்லது. பத்தாவது படிக்கிற பேத்தி போதும். அவளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

லாரியில் ஏறாத பை

ஒரு பையில் எல்லோருடைய மருந்தும் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். ரத்தக்கொதிப்பு, இதயம், தைராய்டு, ஆஸ்துமா இன்ஹேலர், வலிப்பு மாத்திரை. கூடவே டாக்டர் சீட்டுகள், பழைய ரிப்போர்ட்டுகள், ஆதார், இன்ஷூரன்ஸ் அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை, மூக்குக் கண்ணாடி. பல் செட் வைக்கும் டப்பாவும்தான்! இந்தப் பை உங்கள் தோளில் வர வேண்டும். லாரியில் ஏற்றினால் அது 37-வது மூட்டைக்கு அடியில் இருக்கும். மூன்று நாள் கழித்துக் கிடைக்கும். வலிப்பு மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ மூன்று நாள் நிறுத்துவது விளையாட்டல்ல.

இன்சுலின் இருந்தால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஃப்ரிட்ஜை முதல் நாளே அணைத்து, பனி கரைத்துத் துடைத்துத்தான் ஏற்றுவார்கள். போய் இறங்கியதும் உடனே போடக் கூடாது, சில மணி நேரம் நிற்க வைத்த பிறகுதான். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் இன்னும் அதிக நேரம். ஆக, ஒரு நாள் முழுக்க வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு நாள் கொடுத்து வையுங்கள், அல்லது வாயகன்ற ஃப்ளாஸ்க்கில் ஐஸ் பை வைத்து, துணி சுற்றி வையுங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான். பிரித்து உபயோகத்தில் இருப்பது சுமார் நாலு வாரம் வெளியில் தாங்கும், ஆனால் 30 டிகிரிக்குள். நம்ம ஊர் மே மாதத்தில் அதற்கு ஏது இடம்? தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள், ஈரம் படாத டப்பாவில் போட்டு வைக்கலாம்.

இடுப்பு, தூசி, பாச்சை உருண்டை

கனமானதைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பொருளை வயிற்றோடு அணைத்து எழுந்திருங்கள். குனிந்து தூக்கித் திரும்பினீர்களோ, பிடித்துக்கொள்ளும். புத்தகங்களைச் சின்ன அட்டைப்பெட்டியிலும், தலையணைகளைப் பெரிய பெட்டியிலும் போடுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டுப் பெட்டியைக் குறை சொல்வார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வீடே மாற்றக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அவர் பரண் மேல் ஏறவும் கூடாது, பாத்திர மூட்டை தூக்கவும் கூடாது.

பரணை இறக்கும்போது பத்து வருஷத் தூசி சேர்ந்து இறங்கும். ஆஸ்துமாக்காரரையும் கைக்குழந்தையையும் அன்று வேறு வீட்டில் விடுங்கள். மற்றவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள். புது வீட்டில் பெயின்ட் வாடை மூக்கைத் துளைக்கிறதா? சாமான் ஏற்றும் முன் நாலைந்து நாள் ஜன்னல்களைத் திறந்து போடச் சொல்லுங்கள்.

டிரங்குப் பெட்டியிலிருந்து பாச்சை உருண்டைகள் உருண்டு வரும். பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும். தவழும் குழந்தை இருந்தால் அன்றே எண்ணிப் பொறுக்கிவிடுங்கள். நாஃப்தலீன் உருண்டை வைத்த துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்தாமல் பச்சைக்குழந்தைக்குச் சுற்றக் கூடாது. ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும்.

பூட்டியிருந்த வீடா?

ஒரு மாதம் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடு என்றால், முதலில் சம்ப்பையும் மேல் தொட்டியையும் வீட்டுக்காரரிடம் சொல்லிக் கழுவ வையுங்கள். இதைக் கேட்க வேண்டிய நேரம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்புதான். பிறகு கேட்டால் “பார்க்கலாம்” என்பார்! டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் பக்கெட், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். புது இடத்துத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியும் வரை குடிப்பது கொதித்து ஆறிய தண்ணீராகவே இருக்கட்டும். ஃபில்டர் மாட்ட ஆள் ‘நாளைக்கு வரேன்’ என்று நாலு நாள் இழுப்பார்.

முதல் ராத்திரிக்கு முன் எது பிரிந்தாலும் பிரியாவிட்டாலும், பெரியவரின் கட்டிலைப் பூட்டிவிடுங்கள். பழைய வீட்டில் இடது கைப்பக்கம் ஏழு எட்டு வைத்தால் பாத்ரூம். அந்தப் பழக்கத்தில் இருட்டில் எழுந்து நடப்பார். இங்கே அந்த இடத்தில் சுவரோ, படியோ, பிரிக்காத பெட்டியோ இருக்கும். வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படி வீட்டுக்குள் விழுந்துதான். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் ஒரு சாமானும் வேண்டாம். வழியில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். வழவழப்பான டைல்ஸ் என்றால் ரப்பர் கால்மிதி. மறதி நோய் உள்ளவராக இருந்தால் ராத்திரி எழுந்து “வீட்டுக்குப் போகணும்” என்று வாசல் கதவைத் திறக்கப் பார்ப்பார். முதல் சில நாள் யாராவது அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பழைய போர்வையும், சுவரில் மாட்டியிருந்த சாமி படமும் முதலில் பிரிகிற மூட்டையில் இருக்கட்டும்.

அந்த வாரத்திலேயே மாலை நடையாகக் கிளம்பி, ராத்திரியும் திறந்திருக்கிற மருந்துக்கடை எது, பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று பார்த்துவிடுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் புது விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கதவு எண், எத்தனாவது மாடி, தெரு, பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளிக்கூடமோ, எல்லாம். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் 108-க்குப் போன் செய்கிறவர் வாயில் பழைய வீட்டு விலாசம்தான் வரும்.